பின்வாசல் விளக்கு

மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பட்டறையில் பசை ஒழுங்காக வேலை செய்யாது. ஒட்டின இடமெல்லாம் மாவு பூத்த மாதிரி வெளுத்துப் போகும். ஒரு வாரம் உட்கார்ந்து ஜன்னல் ஜன்னலாக வைத்த பத்து மாடிக் கட்டடம், காலையில் வந்து பார்த்தால் பாதி வெள்ளையடித்து விட்டதுபோல நிற்கும். முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். "நிஜ வீடு கட்டுறவன்கூட மழைக்கு இவ்வளவு பயப்பட மாட்டான்" என்பார். அவர் கட்டுவதெல்லாம் மேசைமேல் நிற்கும் வீடுகள். வீடு விற்கிற கம்பெனிக்காரர்கள், அஸ்திவாரம் தோண்டும் முன்பே வாங்க வருகிறவர்களுக்குக் காட்டி ஆசை மூட்டுவதற்காகச் செய்யச் சொல்லும் மாதிரிகள். முழங்கை உயரக் கட்டடம், விரல் உயர மரம், நகத்தளவு கார்.

அந்த வீடுகளுக்கு விளக்கேற்றுகிறவள்தான் லைட்டம்மா. பேர் வேறு உண்டு. பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எல்.இ.டி. விளக்குகளுக்குத் தலைமுடி போன்ற ஒயரை ஈயம் வைத்துப் பொருத்தி, ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய் ஒட்டி, ஒயர்களையெல்லாம் அடிப்பலகைக்குக் கீழே இறக்கி, உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை ஒன்றில் சேர்ப்பாள். அந்தக் கன்ட்ரோலர் பலகைதான் எல்லா ஜாலத்துக்கும் காரணம். ஒரு பக்கம் கரண்ட் உள்ளே போகும். மறுபக்கம் எட்டு இடத்தில் வெளியே வரும். அவற்றுக்குப் பட்டறையில் 'வாய்' என்று பேர். எந்த வாய் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும், எப்படி எரிய வேண்டும் என்று பொத்தானை அழுத்தி அழுத்திச் சொல்லிக் கொடுக்கலாம். டியூப்லைட் துடித்துத் துடித்துப் பற்றுவது போல, டிவி ஓடும் அறை போல, வெல்டிங் பொறி போல, தோட்டத்தில் விறகு எரிவது போல. 'கெட்டுப்போன பல்பு' என்றுகூட ஒரு குணம் அதில் இருந்தது. விட்டு விட்டு எரியும். புது வீடு விற்கிறவர்களில் எவன் அதைக் கேட்பான்? இத்தனை வருஷத்தில் லைட்டம்மா அதைத் தொட்டதே இல்லை.

எட்டு வாய் எந்தக் காலத்திலும் போதாது. இரண்டு பலகை வைத்தால் ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போகாமல் மக்கர் பண்ணும். அதனால் பட்டறைக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாசல் விளக்குக்கென்று தனி வாய் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வராந்தா விளக்கோடு கோத்துவிடுவார்கள். அது எரிந்தால் இதுவும் எரியும். பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மிச்சமான வாயை நீச்சல் குளத்துக்கோ நீரூற்றுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட ஒரு மழை நாளில்தான் வக்கீலம்மா வந்து ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு லைட்டம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்த வேலைய வெளியில குடுத்துடலாமான்னு பாக்கறேன்மா."

"வெளியில யாருண்ணே இருக்கா? மரம் ஒட்டுறவங்க கையில ஈயக் கம்பியக் குடுத்தா மரத்துக்கே கரண்ட்டு குடுத்துடுவாங்க."

"கிண்டல் பண்ணாத. எந்தக் கட்டடம்னு பாத்தியா?"

பார்த்துவிட்டாள். வரைபடம் அவளுக்குத் தலைகீழாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த நீளக் கூடத்தையும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இருந்த படிக்கட்டுகளையும் தெரியாமல் போகுமா? அவள் புருஷன் கரண்ட்டு வேலை பார்த்த தையல் கம்பெனி அது. போன கோடையில் அங்கே தீப்பிடித்தது. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் குவித்திருந்த துண்டுத் துணியில் பற்றி, முன்படிக்கட்டை அடைத்துக்கொண்டு எரிந்தது. ஜன்னலுக்கெல்லாம் தகரம் அடித்திருந்ததால் பகலிலும் டியூப்லைட் இல்லாமல் அங்கே ஊசி கோக்க முடியாது. டியூப்லைட் போனதும் கூடம் முழுக்க இருட்டு. பின்வாசலைக் கண்டுபிடித்தவர்கள் பிழைத்தார்கள். கண்டுபிடிக்காத பெண்கள் பிழைக்கவில்லை. அவள் புருஷன் பின்படிக்கட்டின் மேல்படியில் கிடந்தான்.

இப்போது விசாரணை நடக்கிறது. பின்வாசல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, சோதனைக்கு வந்த அதிகாரியே அதைப் பார்த்திருக்கிறார், பெண்கள்தான் பதறிப்போய் வழியை விட்டுவிட்டு முன்பக்கம் ஓடினார்கள் என்பது கம்பெனியின் பேச்சு. விளக்கே எரியவில்லை என்பது செத்தவர்கள் வீட்டுப் பேச்சு. வக்கீலம்மா செத்தவர்கள் பக்கம். விசாரணை அதிகாரிக்கு முன்னால் அந்தக் கூடத்தையே மேசைமேல் வைத்து, எந்த விளக்கு எப்போது போனது என்று எரியவிட்டுக் காட்டப் போகிறாராம்.

"நீ யாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றார் முதலாளி. "தெரிஞ்சா ஆர்டர் போயிடும். போனாப் போகட்டும், அது பெரிசில்ல. உன்னால முடியுமா? அதச் சொல்லு."

"அண்ணே, அந்த லைட்டு எரிஞ்சுதுன்னு அவரே என்கிட்ட சொல்லியிருக்காரு. வேற யாராவது செஞ்சா இருட்டுன்னு செஞ்சு வெச்சுட்டுப் போயிடுவாங்க. தெருவுல என்ன பேசிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? கரண்ட்டுக்காரன் ஒழுங்கா வேல பாத்திருந்தா இத்தன உசுரு போயிருக்காதுன்னு என் காதுபடவே சொல்றாங்க. நானே செய்யறேன். அவர் மேல தப்பில்லன்னு அந்தப் பொம்ம வீடாவது சொல்லட்டும்."

முதலாளி வரைபடத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது நாத்தனார் ஒருத்திதான். புருஷனுக்கு மூத்தவள். மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் லைட்டம்மா அந்த வாய்க்குப் பயந்து சமையலறைப் பக்கமே போகமாட்டாள். இப்போது அந்த வாய் இல்லாவிட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர்தான் துணை. ஒருத்தி போனால் இன்னொருத்திக்கு யாரும் கிடையாது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் நாத்தனார் விடுதியில் மிஞ்சின முட்டையும் பருப்பும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு. பொம்ம வீட்டுக்கு லைட்டு போடறேன்னு உன் மூஞ்சி லைட்ட அணச்சுக்கிட்டு வர்ற."

"சாப்பிடறேன் அண்ணி."

"கேட்டுக்கிட்டே இருக்கேன்னு நெனைக்காத. கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது. என் தம்பி கம்பெனி கேட்டாண்ட நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருந்தான்னு வாட்ச்மேன் சொல்றான். நெருப்புன்னதும் ஊரே வெளிய ஓடி வருது. இவன் மட்டும் ஏன் உள்ள போனான்?"

தினமும் கேட்கப்படும் கேள்விதான். தெருவில் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பண்ணின தப்பை மறைக்க ஓடினானாம், அவன் ஒயர் வேலை யார் கண்ணிலும் படுவதற்குள் பிடுங்கிப் போட ஓடினானாம். அந்தப் பேச்சு கேட்ட அன்றைக்கு நாத்தனார் கரண்டியோடு தெருவில் இறங்கினாள். பிடித்து இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூடம் மெதுவாக எழுந்தது. தையல் மிஷின்களை முதலாளி பட்டாணி அளவில் வெட்டிக் கொடுத்தார். வரிசை வரிசையாக ஒட்டினார்கள். டியூப்லைட்டுக்கு மங்கல் பிளாஸ்டிக் குச்சிகளை நறுக்கி, ஒரு முனையில் எல்.இ.டி. வைத்து மறு முனையைக் கறுப்படித்தாள். நாற்காலிகளை ஒட்டும்போது மட்டும் யாரும் பேசவில்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்வாசலுக்கு மேலே பச்சை விளக்கு ஒன்றை வைத்து, அதற்கென்று எட்டாவது வாயைத் தனியாக ஒதுக்கினாள். மற்றதெல்லாம் போனாலும் இது எரிய வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

எந்த விளக்கு எப்போது போனது என்று சொல்ல ஆள் வேண்டுமே. அதற்காக வக்கீலம்மா அனுப்பி வைத்த பெண் ஒரு மத்தியானம் குடையை உதறிக்கொண்டு வந்தாள். அந்தக் கூடத்தில் காஜா எடுக்கிற வேலை பார்த்தவள். சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பதுதான் காஜா. எல்லாரும் காஜாக்கா என்பார்கள். இடது கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தாள். டீ கிளாஸை வாங்கும்போது தெரிந்தது, விரல்கள் மெழுகு உருகினாற்போல் ஒட்டிக் கிடந்தன.

மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"இது என் எடம்" என்றாள். "பக்கத்துல அவ. அவளுக்கு முதுகு வலி, எப்பவும் ஒரு துணி மூட்டைய முதுகுக்கு வெச்சிருப்பா. நீங்க அத வெக்கல."

"வெக்கட்டுமா?"

"வேணாம். வெச்சா நான் அழுதுடுவேன். அப்புறம் உங்களுக்கு வேல ஓடாது."

லைட்டம்மா பச்சைப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மொதல்ல எது போச்சுக்கா? நிதானமா சொல்லுங்க. நான் எரிய விட்டுக் காட்டறேன். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

"மொதல்ல இஸ்திரி பக்கம் வெளிச்சம் வந்துச்சு. லைட்டு வெளிச்சமில்ல. செவப்பா."

லைட்டம்மா விறகு எரிகிற குணத்தை வைத்தாள். மொட்டைமாடித் தோட்டத்தில் வெள்ளைக்காரன் மாதிரி உட்கார்ந்து குளிர் காய்வதற்காக வீட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆசையாகக் கேட்பது. இஸ்திரி மேசைக்கருகே சின்னதாகச் சிவப்பு ஆடியது. காஜாக்கா ஓர் அடி பின்னால் போனாள்.

"சரியா இருக்கு" என்றாள் மெதுவாக. "அப்புறம் முன்படி லைட்டு போச்சு. பட்டுனு. அப்புறம் வெட்டு மேச லைட்டு. எங்க தலைக்கு மேல இருந்த டியூப்புங்க உடனே போகல. துடிச்சுது."

"இப்படியா?"

"இதவிட மெதுவா. ஆங்... இப்படித்தான். எல்லாரும் எந்திரிச்சுட்டோம். நான் பின்வாசலப் பாத்தேன். அங்க அந்தப் பச்ச லைட்டும் இதே மாதிரி துடிச்சுது. டியூப்பு மங்குனா அதுவும் மங்குது, டியூப்பு எரிஞ்சா அதுவும் எரியுது. அப்புறம் மொத்தமா போயிடுச்சு. எல்லாம் ஒண்ணாப் போயிடுச்சு."

லைட்டம்மாவின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"நல்லா நெனச்சுப் பாருங்கக்கா. பச்ச லைட்டு டியூப்போட சேந்தா துடிச்சுது?"

"சேந்துதான். ஏம்மா?"

தனி லைனில், பேட்டரியில் எரிகிற விளக்கு டியூப்லைட்டோடு சேர்ந்து துடிக்காது. ஒரே லைனில் கோத்த விளக்குதான் அப்படித் துடிக்கும். இத்தனை வருஷம் விளக்கைக் கோத்துக் கோத்துப் பிழைத்தவளுக்கு இதை யார் சொல்ல வேண்டும்?

இந்த நேரம் வரைக்கும் அவள் நினைத்துப் பார்க்காமல் தள்ளிவைத்திருந்த ஒரு சாப்பாட்டு வேளை அப்போது வந்து முன்னால் நின்றது. தட்டில் சோற்றைப் பிசைந்தபடி அவன் அலுத்துக்கொண்டான். "பின்வாசல் லைட்டு லைன எலி கடிச்சுப் போட்டுடுச்சு. பேட்டரியும் செத்துப் போச்சு. கேட்டா அடுத்த மாசம்ங்கறான் மேனேஜர். நாளைக்குச் சோதனைக்கு வேற வர்றாங்க. எரியலன்னா என் தலையத்தான் உருட்டுவான்." அவள்தான் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "இதுக்கா மண்டைய ஒடச்சுக்கறீங்க? எங்க பட்டறையில வாய் பத்தலன்னா டியூப்போட கோத்து விட்டுடுவோம். எரியுதான்னுதான் பாப்பாங்க, எங்கேர்ந்து எரியுதுன்னா பாக்கப் போறாங்க?" அவன் சிரித்தான். "எஞ்சினியரம்மா சொன்னா சரிதான்" என்றான். மறுநாள் வந்து, "எரிஞ்சுது, பாத்துட்டுப் போயிட்டாங்க, பேட்டரி வந்ததும் மாத்திடணும்" என்றான். பேட்டரி வரவேயில்லை.

பொம்மை வீட்டில் வாசல் விளக்கு அணைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை அவள் யோசிக்கவில்லை. அவனும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

காஜாக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கரண்ட்டுக்காரர் வீட்டம்மாதானே? உள்ள வரும்போதே தோணுச்சு. கேக்க வேணாம்னு இருந்தேன்."

லைட்டம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல மனுஷங்க. எங்க மிஷின்ல ஷாக் அடிச்சா மேஸ்திரிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்டதான் சொல்லுவோம்." காஜாக்கா டீயைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? பச்ச லைட்டு எரிஞ்சுதுன்னே சொல்லிடறேன். செத்த மனுஷன் பேருக்கு எதுக்குக் கெடுதல்?"

"அப்படிச் சொன்னா உங்க ஆளுங்கள என்ன சொல்வாங்க?"

"லைட்டு எரிஞ்சும் வழி தெரியாம ஓடுனாளுங்கன்னு சொல்வாங்க." துப்பட்டாவுக்குள் கை அசைந்தது. "முதுகுவலிக்காரி முட்டாளில்லம்மா. அவ என்னவிட வெவரமானவ. இருட்டுல அவ கைய விட்டுட்டேன், அவ்வளவுதான். ஆனா உங்களுக்காகச் சொல்றேன்."

ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டது லைட்டம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ்வளவு இருட்டுல நீங்க எப்படிக்கா வெளிய வந்தீங்க?"

"டார்ச்சு. பின்வாசல்ல எவரோ டார்ச்சு அடிச்சாங்க. தீயணைக்கிறவங்கதான் வந்துட்டாங்கன்னு நெனச்சோம். அவங்க எங்க, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, புகையில ஆளே தெரியல. அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே பத்துப் பேரு வந்திருப்போம். அதுவும் உருப்படியான டார்ச்சு இல்லம்மா. நடுவுல நடுவுல அணஞ்சு போகும். டொக் டொக்னு தட்டுற சத்தம் கேக்கும். திரும்ப எரியும். அணையற நேரத்துல எங்க உசுரே போயிடும்."

லைட்டம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் அவள் வீட்டுச் சத்தம். இடுப்பில் தொங்கும் அந்தத் தகர டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும். புதுசு வாங்கித் தொலையுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். "தட்டுனா எரியுதில்ல, அப்புறம் என்ன?" என்பான்.

"கடைசியா எப்பக்கா பாத்தீங்க அத?"

"கீழ எறங்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்கப்புறம் யாரும் வரல."

அன்றைக்கு வீட்டில் அவள் தட்டைத் தொடவில்லை. நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள். "கேட்டாண்ட நின்னவன் ஏன் உள்ள..."

"நான் சொல்றேன் அண்ணி. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்ன வெளிய போன்னு சொன்னாலும் போயிடறேன். பின்வாசல் லைட்டு எரியல. டியூப் லைன்ல கோத்ததால அதுவும் சேந்து போச்சு. கோக்கச் சொன்னது நான்தான்."

நாத்தனார் கையிலிருந்த பருப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? இதே எடத்துல, இதே கிண்ணத்த வெச்சுக்கிட்டு. நீ சொன்ன. அவன் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன். கெட்டிக்காரிடா உன் பொண்டாட்டின்னு சொன்னேன். மறந்துட்டியா?"

லைட்டம்மா மறந்துதான் போயிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் அண்ணி பேசாம இருந்தீங்க?"

"என்னன்னு பேசறது? உன்னத் திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டணும். அவனையும் திட்டணும். அவன நான் எப்படித் திட்டுவேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். உடனே குரல் ஏறியது. "ஆனா ஒண்ணு. அதக் கொண்டுபோய்ச் சபையில வெக்காத. அவன் கோத்தது கோத்தபடியே மண்ணோட போகட்டும். ஊரு வாய்க்கு நீயே அவனத் தூக்கிக் குடுப்பியா? குடுத்தேன்னா இந்த வீட்டுல எனக்கும் உனக்கும் பேச்சில்ல."

"குடுக்கலன்னா அந்தப் பொண்ணுங்களக் குடுத்தமாதிரி அண்ணி. லைட்டு எரிஞ்சும் பாக்காம செத்தாங்கன்னு ஆயிடும்."

"அவங்களுக்குப் பேச ஆளிருக்கு. இவனுக்கு யாரு இருக்கா?"

"அதத்தான் சொல்ல வந்தேன். அவர் ஏன் உள்ள போனார்னு கேட்டீங்களே." லைட்டம்மா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த லைட்டு எரியாதுன்னு அவருக்கு மட்டும்தான் அண்ணி தெரியும். டியூப்பு போனா அதுவும் போயிடும்னு வெளிய நின்ன அத்தன பேர்ல அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் போனார். லைட்டு இருக்கவேண்டிய எடத்துல போய் டார்ச்சோட நின்னுட்டார். அந்த வெளிச்சத்தப் பாத்துத்தான் பத்துப் பேரு வெளிய வந்திருக்காங்க. அணஞ்சு அணஞ்சு எரிஞ்சுதாம். தட்டித் தட்டி எரிய வெச்சாராம்."

நாத்தனார் கையை உதறவில்லை. தன் இன்னொரு உள்ளங்கையில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். கோடையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. லைட்டம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள். யாரும் யாரையும் தேற்றவில்லை. பருப்பு ஆறிப் போனது.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் எட்டாவது வாயிலிருந்து பச்சை விளக்கின் ஒயரைக் கழற்றினாள். டியூப்லைட் ஒயரோடு சேர்த்து முறுக்கி ஈயம் வைத்தாள். பட்டறையில் எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைதான். அன்றைக்குச் சூட்டுக்கம்பி விரலில் பட்டுவிட்டது. பிறகு, காலியான எட்டாவது வாயில் வேறொரு விளக்கைச் சேர்த்தாள். கடுகளவு, மஞ்சள் வெளிச்சம். அதைப் பின்வாசல் நிலைக்கு உள்பக்கம், ஒரு ஆள் இடுப்புக்கு மேலே கை தூக்கிப் பிடித்தால் எங்கே வருமோ அங்கே ஒட்டினாள். பொத்தானை அழுத்திக்கொண்டே போய், யாரும் கேட்காத அந்தக் 'கெட்டுப்போன பல்பு' குணத்தில் நிறுத்தினாள்.

வக்கீலம்மா பார்க்க வந்தபோது தான் யாரென்று அவளே சொல்லிவிட்டாள். லைனைக் கோக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

"எதிர்த் தரப்பு இதப் பிடிச்சுக்குவாங்களேம்மா. தப்பு மொத்தமும் உங்க வீட்டுக்காரர் மேலன்னு தள்ளிட்டுப் போகப் பாப்பாங்க."

"பேட்டரி கேட்டு ஏன் குடுக்கலன்னு நீங்க கேளுங்க. அவர் மேல எவ்வளவு உண்டோ அவ்வளவு இருக்கட்டும். என் மேலயும் இருக்கட்டும். லைட்டு எரியலன்னு அவர் பொண்டாட்டியே சொன்னா அத யாரு இல்லேன்னு சொல்வா?"

விசாரணை நடந்தது ஒரு பெரிய அரசாங்கக் கூடத்தில். வெளியே மழை விட்டிருந்தது. திரைகளை இழுத்து மூடினார்கள். பெஞ்சுகளில் செத்தவர்கள் வீட்டு மனிதர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வரமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்ட நாத்தனார், விடுதிச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு மஞ்சள் கறை படிந்த சேலையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததை லைட்டம்மா பார்த்தாள்.

பிளக்கைச் செருகினாள். சின்னஞ்சிறு கூடம் பளிச்சென்று எரிந்தது. மிஷின்கள், நாற்காலிகள், பின்வாசலில் பச்சை விளக்கு. பெஞ்சில் யாரோ ஒரு பேரைச் சொல்லி முனகினார்கள். இஸ்திரி மேசையில் சிவப்பு ஆடத் தொடங்கியது. முன்படி போயிற்று. வெட்டு மேசை போயிற்று. டியூப்லைட்டுகள் துடித்தன, கூடவே பச்சை விளக்கும் துடித்தது. பிறகு எல்லாம் ஒன்றாகப் போயிற்று. சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. "இப்படித்தாங்க இருந்துச்சு" என்ற காஜாக்காவின் குரல் மட்டும் இருட்டில் கேட்டது.

அப்போது பின்வாசலில் மஞ்சள் புள்ளி ஒன்று எரிந்தது. அணைந்தது. எரிந்தது. லைட்டம்மா எழுந்து நின்று, அது யார் கையில் இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு வேளையில் தான் சொன்ன வார்த்தையையும் விடாமல் சொன்னாள். மஞ்சள் புள்ளி விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்து விசாரணை அதிகாரி கேட்டார். "இது எப்பம்மா அணையும்?"

"அணையறதுக்கு நான் நேரம் வெக்கலைங்க" என்றாள் லைட்டம்மா. "அது அணஞ்சதப் பாத்தவங்க யாரும் இல்ல. பாக்காதத நான் எப்படி வெப்பேன்? பிளக்கப் புடுங்கினாத்தான் அணையும்."

அதிகாரி தலையசைத்து, அன்றைய விசாரணை முடிந்தது என்று சொன்னார். கம்பெனித் தரப்பு ஆள் ஒருவர் பிளக் இருந்த பக்கம் நகர்ந்தார்.

"அதத் தொடாதீங்க." கடைசி பெஞ்சிலிருந்து நாத்தனார் எழுந்து வந்துகொண்டிருந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த ஆள் நின்றுவிட்டார். அவள் வந்து பிளக்குக்கு முன்னால் நின்றாள். தம்பி பொண்டாட்டியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல எல்லாரும் வெளிய போகட்டும்" என்றாள். "அப்புறம் நாங்க அணைக்கறோம்."

பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. காஜாக்கா கதவருகில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசி ஆள் வெளியே போகும்வரை இரண்டு பெண்களும் அந்த மஞ்சள் விளக்குக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.